கடல்சார் உயிரித்தொழில்நுட்பம் படிக்கலாமா? பட்டத்தின் பெயரை விடுங்கள், பாடங்களைப் பாருங்கள்

கேள்வி: மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். பள்ளி இறுதித் தேர்வான ஹெச்எஸ்சியில் உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றையும் முதன்மைப் பாடமாக எடுத்துத் தேறியிருக்கிறேன். கடல்சார் உயிரித்தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்று ஆசை. இங்கே ரெதுயில் இருக்கும் மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் முடிப்பதா, நேராக இந்தியாவுக்குப் போய்விடுவதா என்று குழப்பமாக இருக்கிறது. நீச்சல் சுமாராகத்தான் வரும், ஸ்கூபா தெரியாது. அப்பாவோ, 'இதைப் படித்துவிட்டு இந்தத் தீவில் என்ன வேலை பார்ப்பாய்? பேசாமல் பார்மசி படி' என்கிறார். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பட்டத்தை ரெதுயிலேயே படியுங்கள். பட்டத்தின் பெயரில் 'கடல்' இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். உயிரித்தொழில்நுட்பம், உயிரியல், வேதியியல் இவற்றில் எதில் ஆய்வகப் பயிற்சி அதிகமோ அதில் சேருங்கள். கடைசி ஆண்டு ஆய்வுத் திட்டத்துக்குக் கடல் சம்பந்தமான தலைப்பை எடுங்கள். 'கடல்சார் உயிரித்தொழில்நுட்பம்' என்ற பெயரோடு படிப்பதை முதுகலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நம் தீவின் கடலே ஒரு சாட்சி. 1972இல் மொரிஷியஸ் கரையோரத்தில் கடல் முயல் என்ற, வெளியே ஓடு தெரியாத மெல்லுடலியைச் சேகரித்தார்கள். டோலபெல்லா ஆரிகுலேரியா என்பது அதன் அறிவியல் பெயர். அதன் சாற்றில் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பது தெரிந்தது. அந்த மூலக்கூறு எது, எப்படி இருக்கிறது என்று கண்டுபிடித்து வெளியிட 1987 ஆகிவிட்டது. டன் கணக்கில் உயிரிகளைக் கரைத்தும் கையில் கிடைத்தது சில பத்து மில்லிகிராம்தான். அதற்கு டோலஸ்டாடின் 10 என்று பெயரிட்டார்கள். அதை அப்படியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நச்சுதான் தெரிந்தது, பலன் போதவில்லை. பிறகு வேதியியலாளர்கள் அதைப் போன்ற ஒரு மூலக்கூறைச் செயற்கையாகச் செய்து, புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் போய் ஒட்டும் எதிர்ப்பொருளோடு இணைத்தார்கள். பிரென்டுக்சிமாப் வெடோட்டின் என்ற அந்த மருந்துக்கு 2011இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. இன்று ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்கள் அதைப் பெறுகிறார்கள். இதற்கிடையே 2001இல் இன்னொன்றும் வெளிவந்தது. பலாவ் கடலில் எடுத்த ஒரு நீலப்பச்சைப் பாசியிலும் அதே டோலஸ்டாடின் 10 இருந்தது. கடல் முயல் அதைத் தானாகச் செய்யவில்லை, தின்ற பாசியிலிருந்து சேர்த்து வைத்திருந்தது.

இந்த நீண்ட வேலையில் கடலுக்குள் இறங்கியது கொஞ்ச நேரம். மீதியெல்லாம் கரிம வேதியியல், செல் வளர்ப்பு, நுண்ணுயிரியல், மரபணு ஆய்வு. இந்த நான்கிலும் கால் ஊன்றாமல் 'கடல்சார்' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முதுகலைக்குப் போகிறவர்கள் அங்கே திணறுகிறார்கள். அடித்தளம் சரியாக இருக்கிறவர் கடலை ஒரே ஆண்டில் பிடித்துக்கொள்வார்.

ஆகவே எந்தப் பட்டம் என்று முடிவு செய்யும் முன் துறைக்கே போய்ப் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கரிம வேதியியல் குறைந்தது இரண்டு பருவம் இருக்கிறதா? நுண்ணுயிரியலுக்கும் மூலக்கூறு உயிரியலுக்கும் தனித்தனிச் செய்முறை வகுப்பு உண்டா? புள்ளியியலைக் கணினியில் செய்ய வைக்கிறார்களா? கடைசி ஆண்டு ஆய்வுக்கு எத்தனை மாதம்? எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, செய்முறை வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தன் கையால் செய்கிறாரா, திரவத்தை அளந்து விடும் ஒரே பிப்பெட்டை ஐந்து பேர் சுற்றி நிற்கிறார்களா என்பது. இதை ஆசிரியரிடம் கேட்பதோடு விடாமல் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடமும் கேளுங்கள்.

ஆய்வகத்தில் எங்கே சறுக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் சறுக்குவது கடினமான இடத்தில் அல்ல, கரைசல் தயாரிப்பதில். நுண்பாசி வளர்க்க எஃப்-பை-டூ என்ற ஊட்டக் கரைசலைப் பல ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். சோடியம் நைட்ரேட் லிட்டருக்கு 75 கிராம் வீதம் ஒரு மூலக்கரைசல், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம் வீதம் இன்னொன்று. வடிகட்டிய கடல்நீர் ஒரு லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 1 மில்லிலிட்டர். கூடவே நுண்தனிமக் கலவையும் வைட்டமின் கலவையும். கீடோசெரஸ் போன்ற டயாட்டம், அதாவது சிலிகா ஓடுள்ள நுண்பாசி, வளர்த்தால் மட்டும் சிலிகேட் சேர்க்க வேண்டும், ஐசோகிரைசிஸ் போன்ற மற்ற நுண்பாசிக்கு அது தேவையில்லை. இந்த நைட்ரேட் கடைசியில் எத்தனை மைக்ரோமோலார் ஆகிறது என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 882 வர வேண்டும். பாஸ்பேட்டுக்கு 36.2. இரண்டும் சரியாக வந்தால் முதலாண்டுக் கணக்குக்கு நீங்கள் தயார். வராவிட்டால் வகுப்பு தொடங்கும் முன் மோலார் கணக்கை மறுபடி போட்டுப் பழகுங்கள்.

கணக்கு சரியாக வந்தும் வளர்ப்பு செத்துப்போவதுண்டு. ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் கடல்நீரைச் சூடாக்கும்போது கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், காரத்தன்மை ஏறும், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படியும். படிந்த பாஸ்பேட் பாசிக்கு எட்டாது. அதனால் பாஸ்பேட்டைத் தனியாகக் கிருமிநீக்கம் செய்து, எல்லாம் ஆறிய பிறகு சேர்ப்பது பாதுகாப்பு. வைட்டமின்களில் தயாமினும் பி12உம் சூட்டில் கெடும். அவற்றை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டிக் கடைசியில் விட வேண்டும். அப்புறம் சோம்பல். வளர்ப்பு நன்றாகப் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கிறதே என்று விட்டுவிட்டால் அது தேக்க நிலைக்குப் போய் ஒரே இரவில் வெளுத்துவிடும். வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு பங்கு வளர்ப்புக்கு ஒன்பது பங்கு புதுக் கரைசல் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாசிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை.

இரண்டாவது இடம் டிஎன்ஏ. மனித ரத்தத்திலோ பாக்டீரியாவிலோ டிஎன்ஏ எடுத்துப் பழகியவருக்குக் கடற்பாசி அதிர்ச்சி தரும். அதில் அகார், ஆல்ஜினேட் போன்ற பாலிசாக்கரைடுகள் நிறைய. டிஎன்ஏவோடு அவையும் சேர்ந்து வீழ்படிந்து குழாய் முழுக்கக் கோந்தாக நிற்கும். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் சோதனையின் நொதி அதற்குள் வேலை செய்யாது. அதற்காகத்தான் சிடிஏபி என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தும் முறை. 2 சதவீத சிடிஏபி, 1.4 மோலார் உப்பு, 65 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். உப்பின் செறிவு அதிகமாக இருப்பதால் டிஎன்ஏ கரைசலிலேயே தங்கிவிடும், பாலிசாக்கரைடு சிடிஏபியோடு சேர்ந்து பிரிந்துவிடும். எடுத்த டிஎன்ஏவை நிறமாலைமானியில் பார்க்கும்போது பலரும் 260/280 விகிதம் 1.8 வந்துவிட்டது என்று மகிழ்ந்து நிறுத்திவிடுகிறார்கள். அது புரதம் இல்லை என்பதற்கு மட்டும் அடையாளம். 260/230 விகிதத்தையும் பாருங்கள். அது 2க்கு மிகக் கீழே இருந்தால் பாலிசாக்கரைடோ வேதிக்கழிவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிசிஆர் ஓடவில்லை என்றால் டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள். பத்து மடங்கு, ஐம்பது மடங்கு நீர்த்துப் போட்டுப் பாருங்கள். தடுக்கும் பொருளும் சேர்ந்து நீர்த்துப்போவதால் பட்டை தெரியத் தொடங்கும்.

மூன்றாவது இடம் எனக்கு மிகவும் கவலை தருவது, ஏனென்றால் இங்கே தவறினால் பொய்யான கண்டுபிடிப்பு உருவாகிவிடும். கடற்பஞ்சை உறையவைத்து, உறைநிலையிலேயே உலர்த்தி, மெத்தனாலும் டைகுளோரோமீத்தேனும் சரிபாதி கலந்த கரைப்பானில் மூன்று முறை ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். கரைப்பானை 40 டிகிரிக்கு மேல் போகாமல் சுழல் ஆவியாக்கியில் வற்ற வைப்பார்கள். பஞ்சைச் சரியாக உலர்த்தாவிட்டால் ஈரத்தோடு கடல் உப்பும் சாற்றுக்குள் வந்துவிடும். அந்தச் சாற்றைப் புற்றுநோய்ச் செல்மேல் ஊற்றினால் செல் சாகும். உப்பு கொன்றதா, மருந்து கொன்றதா? சாற்றைக் கரைக்கப் பயன்படுத்தும் டிஎம்எஸ்ஓவும் அளவு மீறினால் தானே செல்லைக் கொல்லும். இறுதிக் கரைசலில் அதை 0.5 சதவீதத்துக்குக் கீழே வைத்து, டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட சோதனைத் தட்டின் குழிகளையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். சாதாரணச் செல் ஒன்றின்மேலும் அதே சாற்றைச் சோதிக்க வேண்டும். மொரிஷியஸ் கடற்பஞ்சுச் சாறுகளைப் புற்றுநோய்ச் செல்கள்மேல் சோதித்த ஆய்வுகள் நம் தீவிலிருந்தே வெளியாகியிருக்கின்றன. அவற்றைத் தேடிப் படிக்கும்போது முடிவுரையை விட்டுவிட்டு, கட்டுப்பாட்டுச் சோதனையாக எவற்றை வைத்தார்கள் என்று பாருங்கள். ஆய்வுக் கட்டுரை படிக்க அதைவிட நல்ல பழக்கம் இல்லை.

மாதிரி சேகரிப்பைப் பற்றி ஒரு விஷயம். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துண்டை அடையாளத்துக்கென்று 70 சதவீத எத்தனாலில் தனியாகவும், டிஎன்ஏவுக்கு இன்னொரு துண்டை 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலிலும் போட்டு வைக்க வேண்டும். இடம், ஆழம், தேதி, நீரில் இருந்தபோது எடுத்த படம் எல்லாம் வேண்டும். வெளியே எடுத்தால் கடற்பஞ்சின் நிறம் மாறிவிடும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும், வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும். எந்த உயிரியிலிருந்து வந்தது என்று காட்ட முடியாத சாறு எவ்வளவு சிறப்பாக வேலை செய்தாலும் பயனில்லை. மறுபடி எதைப் போய்த் தேடுவீர்கள்?

அனுமதி இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள். பவளத்தையும் சங்கு, சிப்பிகளையும் நம் கடலிலிருந்து எடுப்பதற்குச் சட்டத்தடை உண்டு. ப்ளூ பே போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. மரபு வளங்களால் வரும் பயனை அந்தந்த நாட்டோடு பகிர வேண்டும் என்று சொல்லும் நகோயா நெறிமுறை 2014இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. காகிதம் சரியில்லாத மாதிரியை நல்ல ஆய்வகமும் தொடாது, நல்ல இதழும் வெளியிடாது. கடல் முயலை அள்ளிக்கொண்டு போனது போல இன்று போக முடியாது, போகவும் கூடாது.

முக்குளிப்பு தெரியாதே என்கிற உங்கள் கவலைக்குச் சுருக்கமான பதில்: தேவையில்லை. ஆய்வகத்தில் மட்டுமே வேலை பார்ப்பவர்கள் இத்துறையில் ஏராளம். ஓதம் வற்றும்போது பாறை ஓரத்திலும், பவளத்திட்டுக்கு உள்ளே ஆழம் குறைந்த கடலான லகூனில் முகமூடி மாட்டி மிதந்தபடியும் எடுக்கக்கூடிய மாதிரிகளே ஒரு முதல் பட்ட ஆய்வுக்குத் தாராளம். நீச்சலை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். லகூனில் தடித்த அடிப்பாகமுள்ள காலணி இல்லாமல் நடக்காதீர்கள், நாம் லாஃப் என்று சொல்லும் கல்மீன் கல்லோடு கல்லாகத்தான் கிடக்கும். அழகாக இருக்கிறதென்று கூம்புச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள். அதன் நஞ்சு ஆளையே கொல்லும். ஒரு வகைக் கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்துதான் ஜிகோனோடைட் என்ற வலிநீக்கி வந்தது, 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த நஞ்சை ஆராய்பவர்களும் உயிருள்ள சங்கை வெறுங்கையால் தொடுவதில்லை. இன்னொன்று, கடைசி ஆண்டு மாதிரி சேகரிப்பை ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். புயல் காலம். கடலுக்குப் போக முடியாது, போனாலும் மழைநீர் கலந்து லகூனின் உப்புத்தன்மை மாறியிருக்கும். செப்டம்பர் முதல் நவம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

இந்தியாவா, இங்கேயா? அரசுப் பல்கலைக்கழகங்களில் முழுநேர முதல் பட்டத்துக்கு 2019 முதல் கட்டணம் கிடையாது. அந்தச் சலுகையை விட்டுவிட்டு முதல் பட்டத்துக்கே வெளிநாடு போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் இருக்கிற பணத்தை முதுகலைக்கு வையுங்கள். அப்போது இந்தியா நல்ல தேர்வு. கோவா பல்கலைக்கழகத்தில் கடல்சார் உயிரித்தொழில்நுட்பத்துக்கே முதுகலை இருக்கிறது. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனித் துறையும், கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய வளமையமும் உண்டு. டோலஸ்டாடினின் உண்மையான உற்பத்தியாளர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று மேலே பார்த்தோம், அந்தக் கூட்டத்தையே படிக்கும் இடம் அது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பழையது, நல்ல பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் என்றால் மீனவர்களிடம் பேசி மாதிரி வாங்க நம் தமிழ் கைகொடுக்கும். இந்தியக் கலாசார உறவுகள் கழகமான ஐசிசிஆரின் உதவித்தொகைக்கு மொரிஷியஸ் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், அறிவிப்பு இந்தியத் தூதரகம் வழியாக வரும். ஐரோப்பா என்றால் பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் கடல் உயிரியல் வளங்களுக்கான சர்வதேச முதுகலையைப் பாருங்கள், பல நாடுகளில் பருவங்களைப் பிரித்துப் படிக்கலாம். உங்கள் பிரெஞ்சு நன்றாக இருந்தால் பக்கத்தில் ரீயூனியன் பல்கலைக்கழகமும் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று நம் உயர்கல்வி ஆணையத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கேள்வி நியாயமானது, சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். 'கடல்சார் உயிரித்தொழில்நுட்பவியலாளர்' என்ற பெயரில் இந்தத் தீவில் வரும் வேலைகள் மிகக் குறைவு. அல்பியோனில் இருக்கும் மீன்வள ஆய்வு மையம், மொரிஷியஸ் கடலியல் நிறுவனம், பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் பணியிடம் எப்போதாவதுதான் திறக்கும். ஆனால் கைத்திறனைப் பார்த்து எடுக்கும் வேலைகள் அதைவிட அதிகம். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் டூனா பதப்படுத்தும் ஆலைகள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கின்றன. டூனாவைக் குளிரில் சரியாக வைக்காவிட்டால் பாக்டீரியா அதன் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும், சமைத்தாலும் அது போகாது. ஐரோப்பிய விதிப்படி ஒரு தொகுப்பில் ஒன்பது மாதிரி எடுத்து, சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்து கையெழுத்துப் போடும் ஆய்வக ஆள் இல்லாமல் கப்பலில் சரக்கு ஏறாது. டூனாக் கழிவிலிருந்து மீன் தூளும் எண்ணெயும் எடுக்கும் ஆலை இருக்கிறது. மாயேபூர் பக்கம் கூண்டு மீன் வளர்ப்பு இருக்கிறது. 2020 ஜூலையில் வகாஷியோ கப்பல் பொயிண்ட் தெஸ்னியில் தட்டி ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கொட்டிய பிறகு, நீரையும் வண்டலையும் உயிரிகளையும் சோதிக்கத் தெரிந்தவர்களின் தேவை என்ன என்பதை இந்த நாடே பார்த்தது. இந்த எல்லா இடத்திலும் கேட்பது ஒன்றே: நுண்ணுயிர் எண்ணத் தெரியுமா, கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியை ஓட்டத் தெரியுமா, முடிவைச் சரியாக எழுதத் தெரியுமா?

பார்மசியும் தவறான வழி அல்ல. மருந்தகத்தில் உட்கார்ந்து மக்களுக்கு மருந்து கொடுக்கும் தொழில் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதைப் படியுங்கள், அங்கே வேலை உறுதி கூடுதல். பார்மசி படித்த பிறகு இயற்கைப் பொருள் வேதியியல் வழியாகக் கடல் மருந்துகளுக்குள் வருகிறவர்களும் உண்டு. ஆனால் மருந்து எங்கிருந்து வருகிறது, அதை யார் செய்கிறார் என்ற கேள்விதான் உங்களைத் தூங்க விடாமல் செய்கிறது என்றால், அப்பாவை உட்கார வைத்து மேலே சொன்ன ஆலைகளையும் ஆய்வகங்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். தீவில் வேலை இல்லை என்பதுதான் அவர் பயம், படிப்பின் மேல் அவருக்குக் கோபம் இல்லை.

வகுப்பு தொடங்குவதற்குள் ஒரு மாதமாவது ஏதாவது ஓர் ஆய்வகத்தில் சம்பளம் இல்லாமலாவது இருந்து பாருங்கள். உணவுச் சோதனை ஆய்வகமாக இருந்தாலும் சரி. கண்ணாடிப் பாத்திரம் கழுவவும் ஊடகம் ஊற்றவும் தயார் என்று எழுதுங்கள். முதல் நாளே பிப்பெட் பிடிக்கக் கிடைத்தால், தராசில் காய்ச்சி வடித்த நீரை 1000 மைக்ரோலிட்டர் பத்து முறை விட்டு எடை பாருங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 கிராம் வர வேண்டும். எடை ஒரே பக்கமாகக் குறைந்தால் பிப்பெட்டில் கோளாறு, முன்னும் பின்னும் ஆடினால் கையில் கோளாறு. கை பழகப் பழகச் சரியாகும்.

மின்னஞ்சல் அரைப்பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், என்ன பாடம் முடித்திருக்கிறீர்கள், அவர்கள் செய்யும் வேலையில் எது உங்களுக்கு ஆர்வம், இவ்வளவு போதும். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு நகல் போட்டு அனுப்பாதீர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஹெச்எஸ்சி முடிவுத் தாளை இணைத்துவிடுங்கள். விபத்துக் காப்பீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சேரும் முன் கேட்டுவிடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கும் வராவிட்டால் அடுத்த ஆய்வகத்துக்கு எழுதுங்கள்.